"டவுன் பாடசாலைக்கு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?"

கேள்வி:

வணக்கம் மிஸ். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகனுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறான். இன்னும் தமிழ் வாசிக்க வரவில்லை. கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுவான், எழுதியதை வாசி என்றால் முழிப்பான். கணக்கு பரவாயில்லை. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசைச் சரியாகக் கொண்டு வருவான். சின்னதில் காதில் சீழ் வடிந்தது, இப்போதும் சளி விட்டபாடில்லை. போன தவணை வகுப்பு டீச்சர், "இவனுக்கு மூளை வளர்ச்சி காணாது, டவுன் பாடசாலையில் விசேட பிரிவு இருக்கிறது, அங்கே சேருங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள்" என்றார். அதிபரும் அதையே சொன்னார். டவுனுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். கூட ஒரு ஆள் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். நான் மாசமாக இருந்தபோது மலையில் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சி, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வீட்டில் நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கும் வழக்கம் போல யூனிபோர்ம் போட்டு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மகனை இதுவரை யாருமே சோதித்துப் பார்க்கவில்லை. காதைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, எந்த எழுத்து வரும் எது வராது என்றுகூட உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் முடிவு மட்டும் வந்துவிட்டது. "மூளை வளர்ச்சி காணாது" என்பது வகுப்பு டீச்சர் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. பல வருஷம் விசேட கல்வியில் வேலை செய்த நானும் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அவனுக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். மிச்சக் காசைச் சரியாகக் கொண்டு வருகிற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டீச்சரிடமும் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு எல்லாமே மெதுவாக வருகிறதா, வாசிப்பு மட்டும் வரவில்லையா என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் பாடசாலைகளில் ஒரு விஷயம் தலைகீழாக நடக்கிறது. பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக உதவுங்கள் என்றால் "டாக்டர் ரிப்போட் கொண்டு வாருங்கள்" என்பார்கள். பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்புவதற்கோ ஒரு வாய்ப் பேச்சு போதும். முன்வரிசையில் உட்கார வைக்கவும் கேள்வியை வாசித்துக் காட்டவும் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, அதை இன்றைக்கே செய்யலாம். இடம் மாற்றுவதற்குத்தான் ரிப்போட் வேண்டும். அதிபரிடம் பேசப் போகும்போது இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 5 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. அந்த மேல் வயது 14 ஆக இருந்ததை 2016இல்தான் உயர்த்தினார்கள். ஆகவே "கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள்" என்று சொல்ல எந்த அதிபருக்கும் அதிகாரம் கிடையாது. இதை முதல் நாளே மேசையில் தூக்கிப் போட்டுச் சண்டைக்கு நிற்கச் சொல்லவில்லை. நாளைக்கும் அதே டீச்சரிடம்தான் பிள்ளை இருக்கப் போகிறான். உங்களுக்குத் தெரிந்திருந்தால் சரி.

இனி காது. உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அதுதான்.

சின்னதில் சீழ் வடிந்து, இன்னும் சளியோடு இருக்கிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கலாம். செவிப்பறையில் ஓட்டையும் இருக்கலாம். இரண்டிலும் காது முழுதாக அடைபட்டுப் போவதில்லை, மந்தமாகக் கேட்கும். சளி கூடினால் மந்தமும் கூடும், வெயில் காலத்தில் கொஞ்சம் தெளியும். அதனால்தான் வீட்டில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. "நேற்றுக் கூப்பிட்டதும் ஓடி வந்தானே, இன்றைக்கு வேண்டுமென்றே வராமல் இருக்கிறான்" என்று அடிதான் விழும். லயத்து வரிசை வீட்டில் விறகடுப்புப் புகை, பனி, ஒரே அறையில் நாலைந்து பேர் என்று இருக்கும்போது காது நோய் இலேசில் விடாது. வீட்டில் யாராவது சுருட்டோ சிகரெட்டோ குடித்தால் வெளியே போய்க் குடிக்கச் சொல்லுங்கள். காதில் காய்ச்சின எண்ணெய் ஊற்றுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இதை வாசிப்போடு சேர்த்துப் பாருங்கள். "வந்தான்", "வந்தாள்", "வந்தால்" மூன்றும் கடைசி எழுத்தில்தான் வேறுபடுகின்றன, பேசும்போது அந்தக் கடைசிச் சத்தம் மெல்லத்தான் வரும். மந்தமான காதுக்கு மூன்றும் ஒன்றுதான். அதிலும் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஒரே மண்டபத்தில் தட்டி வைத்து இரண்டு மூன்று வகுப்பு நடக்கிறது. பக்கத்து வகுப்பு வாய்பாடு சொல்லும், தகரக் கூரையில் மழை கொட்டும். நல்ல காதுள்ள பிள்ளைக்கே அங்கே கேட்பது கஷ்டம். உங்கள் மகன் கரும்பலகையைப் பார்த்து அச்சாக எழுதுகிறான், ஆனால் வாசிக்க மாட்டான் என்றால், கண்ணால் பிடிப்பதைச் செய்துவிட்டு, காதால் பிடிக்க வேண்டியதில் தடுமாறுகிறானோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவனுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். உங்கள் வாயை அவன் பார்க்கக்கூடாது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லி, மற்றக் காதுப் பக்கமாகக் கிசுகிசுப்பாக "பூனை", "வாளி", "பந்து" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லட்டும். பிறகு அடுத்த காது. தடுமாறினால் ஆஸ்பத்திரிக்குப் போவது அவசரம். தடுமாறாவிட்டாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் இது வீட்டு வைத்தியம் மாதிரி ஒரு வீட்டுச் சோதனை, அவ்வளவுதான்.

கண்ணையும் அதே பயணத்தில் காட்டிவிடுங்கள். இரத்தச் சோகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் தேத்தண்ணியும் ரொட்டியுமாக வருகிற பிள்ளைகளில் பலருக்கு இரும்புச்சத்து குறைவு, கவனம் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், பேசிக்கொண்டிருக்கும்போதே சில வினாடி சிலை போல நின்று, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்கிறானா? அப்படி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 என்றுதான் வழக்கமாக நடக்கும். அதற்காக அடுத்த வருஷம் வரை காத்திருக்காதீர்கள். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம், நாம் மிட்வைஃப் மிஸ் என்கிறோமே அவரிடம், சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் கடிதம் எடுக்க உதவுவார். நேரே போவதென்றால் ஹட்டன் பஸ்ஸில் ஏறி டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பலாம். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கிறது. (ஊவாப் பக்கம் இருந்து இதை வாசிப்பவர்களுக்குப் பதுளை கிட்ட.) அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம். உங்களுக்குச் செலவு பஸ் காசும் ஒருநாள் பேரும்தான், அது சின்னச் செலவு இல்லை என்று தெரியும். அதனால் கிளினிக் நாள் எது, துண்டு எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். தெரியாமல் போய்த் திரும்பி வந்தால் இரண்டு நாள் பேர் நஷ்டம்.

போகும்போது பிறப்புச் சான்றிதழும் சின்ன வயதுக் கிளினிக் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக அவனுடைய அப்பியாசக் கொப்பிகள், பழையதும் புதியதும். டாக்டர் முன்னால் பிள்ளை வாயே திறக்க மாட்டான். வீட்டில் அவன் வாசிக்க முயற்சி செய்வதையும் தம்பி தங்கச்சியோடு கதைப்பதையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

மொழி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பேச்சுச் சிகிச்சையாளர்களில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. சிங்களத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழ்ப் பிள்ளை முழித்தால் அது அறிவுக் குறைவாகாது. அப்படி ஒரு சோதனை நடந்தால், "என் பிள்ளைக்குச் சிங்களம் விளங்காது, தமிழில் கேளுங்கள், இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரை வைத்துக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். இரு மொழியும் தெரிந்த ஒருவரை கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. ரிப்போட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

சரி, காதும் கண்ணும் நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டால்? டிஸ்லெக்சியா என்கிற வாசிப்பு இடர்பாடாக இருக்கலாம். ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கப்படாமலும் இருக்கலாம். தரம் 1, 2 படிக்கும்போது நிரந்தர டீச்சர் இருந்தாரா? வருஷத்தில் பாதி நாள் வகுப்பே நடக்காமல், வாசிக்க வந்தாலும் வராவிட்டாலும் வகுப்பேற்றம் மட்டும் தவறாமல் நடந்தால், மூன்றாம் தரத்தில் இப்படித்தான் வந்து நிற்கும். அது பிள்ளையின் குறை இல்லை. எதுவாக இருந்தாலும் சொல்லிக் கொடுக்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் நோயின் பெயர் தெரியும் வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.

தமிழ் எழுத்து நமக்கு இலேசாகத் தெரிகிறது. தடுமாறுகிற பிள்ளையின் பக்கம் இருந்து பாருங்கள். "கொ" என்று எழுத ஒரு கொம்பு முன்னால் நிற்கிறது, ஒரு கால் பின்னால் நிற்கிறது, நடுவில் க. கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது க் சத்தத்தை. கொம்பில் ஒரு சுழி கூடினால் கொ கோவாகிவிடும். இன்னொரு பக்கம், "கடல்", "பகல்", "தங்கம்" என்று ஒரே க மூன்று விதமாக ஒலிக்கிறது. புத்தகத்தில் "செல்கிறான்", லயத்தில் "போறான்". இதையெல்லாம் விளங்காத பிள்ளை என்ன செய்வான்? எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் படமாகப் பார்த்து வரைந்து வைப்பான். அழகான கையெழுத்தைப் பார்த்து டீச்சரும் முதல் இரண்டு வருஷம் சந்தேகப்பட மாட்டார்.

ஆகவே வீட்டில் 247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காதீர்கள். ட, ப, ம, ர, க என்ற ஐந்தையும் ம் என்ற புள்ளி எழுத்தையும் மட்டும் எடுங்கள். முதலில் சத்தம். "படம்" என்று நீங்கள் சொல்ல, ப - ட - ம் என்று அவன் கை தட்டிப் பிரிக்கட்டும். பிறகு பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் வெட்டிய துண்டுகளில் அந்த எழுத்துக்களை எழுதி, படம், மரம், கரம் என்று அவனே அடுக்கட்டும். அது கை வந்ததும் கால் ஒன்றைச் சேருங்கள். படம் பாடமாகும், கரம் காரமாகும். ஒரு கால் வந்தால் சத்தம் நீளுகிறது என்பதை அவனே பிடித்துவிட்டால் பாதி மலை ஏறியாச்சு. கொம்பு வைத்த எழுத்துக்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். நீங்கள் கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வருவீர்கள், அன்றைக்கு முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், கோபத்தோடு உட்காருவதைவிட அது மேல். வீட்டில் ஆறு, ஏழாம் தரம் படிக்கிற அக்காவோ மாமா பிள்ளையோ இருந்தால் இந்த விளையாட்டை அவர்களிடம் கொடுக்கலாம்.

டீச்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். நாற்பது பிள்ளையை வைத்துக்கொண்டு, ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் எத்தனை பேர் சித்தி என்று கேட்கிற அதிபருக்கும், சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தை பெனரில் போட்டுச் சந்தியில் கட்டுகிற ஊருக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருப்பவர். அந்த பெனர் மோகம் நம் மலையகத்தில் எத்தனை பிள்ளைகளைக் கடைசி வாங்குக்குத் தள்ளியிருக்கிறது என்பதைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு, அது வேறொரு நாளைக்கு. டீச்சரிடம் "என் பிள்ளையைக் கவனியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் "சரி சரி" என்பார், அதோடு முடிந்தது. செய்யக்கூடியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முன்வரிசையில், டீச்சரின் வாய் தெரிகிற இடத்தில் இருக்கை. கரும்பலகையில் இருப்பதை முழுக்க எழுதாமல் பாதி எழுதினால் போதும். தவணைப் பரீட்சையில் கேள்வியை யாராவது வாசித்துக் காட்டினால் வாயால் பதில் சொல்ல அனுமதி. எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகளைக் குறிக்க வேண்டும், அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று அதில் தெரிய வேண்டும். வெறுமையாக இருந்தால், "சோதித்துப் பார்க்காமல் மாற்றச் சொல்கிறீர்களே" என்று மெதுவாகக் கேட்கலாம்.

விசேட கல்விப் பிரிவு கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை, சில பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் என்று நடக்கிற பிரிவுகளில் பேசாத பிள்ளை பேசியதையும், தன் வேலையைத் தானே செய்யப் பழகியதையும் பார்த்திருக்கிறேன். ஆறு வயதும் பதினாலு வயதும், காது கேளாத பிள்ளையும் ஓட்டிசம் உள்ள பிள்ளையும் ஒரே அறையில் படம் நிறம் தீட்டிக்கொண்டு மணியடிக்கும் வரை உட்கார்ந்திருக்கிற பிரிவுகளும் உண்டு. டவுன் பக்கம் போகிற ஒரு நாளில் அந்த அறைக்குள் எட்டிப் பாருங்கள். ஆசிரியை விசேட கல்விப் பயிற்சி பெற்றவரா, என் பிள்ளைக்கு என்ன திட்டம் எழுதுவீர்கள், எந்தெந்தப் பாடத்துக்குச் சாதாரண வகுப்பில் இருப்பான், வாசிக்க வந்தபின் திரும்பப் போக முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் யோசித்தால் நீங்களும் யோசியுங்கள். வாசிப்பு மட்டும் வராத, கணக்கு ஓடுகிற, கூட்டாளிகளோடு நடந்து போகிற பிள்ளைக்குத் தன் தோட்டப் பாடசாலையே நல்லது என்பது என் எண்ணம். ரிப்போட் வேறு மாதிரிச் சொன்னால் எண்ணத்தை மாற்றிக்கொள்வோம்.

மாமியார் சொன்னதற்கு: நீங்கள் மலையில் விழுந்ததுதான் காரணமா என்று இத்தனை வருஷம் கழித்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. காதில் சீழ் வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயிற்றில் பிள்ளையோடு சரிவில் வேலைக்குப் போனது உங்கள் ஆசைக்கா? மாமியாரிடம் வாக்குவாதம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கடிதம். வாயால் கேட்டது காற்றோடு போகும். அதிபருக்கு ஒன்று எழுதி, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையெழுத்தோ முத்திரையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"தரம் 3இல் கல்வி பயிலும் என் மகனுக்கு வாசிப்பதில் சிரமம் உள்ளது. அவருடைய காது, கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து வருகிறேன். முடிவு கிடைக்கும் வரை அவர் இதே வகுப்பில் தொடர வேண்டும் எனவும், முன்வரிசை இருக்கையும் தவணைப் பரீட்சையில் வாய்மொழியாக விடையளிக்க அனுமதியும் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் மூலம் அவரை மதிப்பீடு செய்வதற்கு ஆவன செய்யவும். மாற்றம் தேவை எனக் கருதினால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் தரச் சொன்னதும் பல இடங்களில் மாற்றப் பேச்சு தானாக அடங்கிவிடும். இரண்டு கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் அந்தப் பிரதியோடு ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைச் சந்தியுங்கள். அங்கும் நடக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகம் இருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. ஆஸ்பத்திரி ரிப்போட்டுகளையும் இந்தக் கடிதங்களையும் ஒரே ஃபைலில் போட்டு, ஒழுகாத இடத்தில் வையுங்கள். நாளைக்குச் சாதாரண தரப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டுப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிப்பதானால் பழைய ரிப்போட்டுகள் கைகொடுக்கும். காது கேட்கும் கருவியோ கண்ணாடியோ வேண்டும் என்று டாக்டர் எழுதினால், அதே ஃபைலோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேட்கலாம்.

அதிபரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். தாய் தனியாகப் போனால் அரை மணித்தியாலம் அறிவுரை சொல்லி அனுப்புகிற பழக்கம் சில அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. காதுப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.